மூன்று மாதக்காரி

எங்கள் ஆபீஸ் கேன்டீனில் நின்றுகொண்டே சாதம் சாப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். இவளோ தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்து, ஒரு கையில் ஸ்கூட்டர் சாவியைப் பிடித்தபடி மறு கையால் பிசைந்து சாப்பிடுவாள். "உக்காந்து சாப்பிட்டா ஒடம்புல ஒட்டாதா?" என்று கேட்டால், "உக்காந்தா மறுபடி எழுந்திருக்கணுமே அக்கா" என்பாள். இப்படிப்பட்ட ஒருத்தியிடம் போய்த்தான் என் வாழ்க்கையிலேயே மிக நீண்ட காலத்துக்கான யோசனையைக் கேட்டேன். புத்தி கெட்டவள் என்று நீங்கள் சொல்லலாம். நானே பல தடவை சொல்லிக்கொண்டதுதான்.

எங்களுடையது சிக்கந்தராபாத்தில் ஒரு மத்திய அரசுக் கம்பெனி. நான் ஸ்டோர்ஸில் இருந்தேன், அவள் பி.எஃப். ட்ரஸ்ட்டில். எல்லோருடைய சம்பளத்திலிருந்தும் பிடிக்கிற பணம் சும்மா கிடக்கக் கூடாது, வந்த கையோடு முதலீடு ஆக வேண்டும் என்பது விதி. அதில் பெரும்பகுதி அரசாங்கப் பத்திரங்களுக்கு, பாண்டு என்பார்களே அதற்கு, போகும். அந்தப் பத்திரங்களைப் பார்த்து வாங்குவது அவள் வேலை. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி மும்பையில் யாரிடமோ விலை கேட்பாள். முப்பது வருடப் பத்திரம் என்ன விலை, நாற்பது வருடம் என்ன விலை என்று கத்தரிக்காய் விலை கேட்கிற மாதிரி கேட்பாள். தெலுங்குப் பையன்கள் அவளுக்கு 'பாண்டு மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவள் முன்னோர் வெள்ளைக்காரன் காலத்தில் சிக்கந்தராபாத் கன்டோன்மென்ட்டுக்குச் சாமான் சப்ளை செய்ய வந்தவர்கள். அதனால் அவள் தமிழில் பாதி உருது. வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்', எதற்கு என்பதற்கு 'கைக்கு'. எங்கள் அப்பா வேலூரிலிருந்து டிபென்ஸ் வேலைக்கு வந்தவர். எங்கள் வீட்டில் இன்னும் ஆற்காட்டுப் பேச்சுதான். அவள் பேசுவதைக் கேட்டு முதலில் சிரித்தேன், பிறகு எனக்கே நக்கோ ஒட்டிக்கொண்டது.

"கவர்மெண்டு பத்திரம்னா எல்லாம் ஒண்ணுதானே" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"எல்லாத்துக்கும் பின்னாடி கவர்மெண்டு நிக்குது, அதுல மட்டும் எல்லாம் ஒண்ணு. எப்ப வெளியே வரலாம்? அது ஒவ்வொண்ணுலயும் வேற. அத மொதல்ல கேளு."

இந்தக் கேள்வியை அவள் பத்திரத்தோடு நிறுத்தவில்லை. கல்யாண மண்டபத்தில் நுழைந்தவுடன் இன்னொரு வாசல் எங்கே என்று பார்ப்பாள். கோயில் வரிசையில் நிற்குமுன், நடுவில் வெளியே போக வழி உண்டா என்று காவலாளியிடம் விசாரிப்பாள். அல்வாலில் ஒரு வீடு, அப்புறம் மாரெட்பள்ளியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு வீடு, அப்புறம் ஐ.டி. பிள்ளைகளோடு கொண்டாப்பூரில் ஒரு வீடு என்று மாறிக்கொண்டே இருந்தாள். எந்த வீட்டிலும் சுவரில் ஆணி அடித்ததில்லை. நல்ல வரன் ஒன்று நிச்சயம் வரை போய் நின்றுபோனது. காரணம் கேட்டேன். "நல்ல மனுஷன்தான் அக்கா. ஆனா வாயத் தொறந்தா 'எப்பவும்', 'எப்பவும்'னே பேசறான். எனக்கு மூச்சு முட்டுது" என்றாள். அந்த மனிதர் பாவம், வேறு என்னதான் பேசுவார்?

எங்களையெல்லாம் அவள் பத்திரங்களாகப் பிரித்து வைத்திருந்தாள். எங்கள் மேனேஜர் மாநில அரசுக் கடன் பத்திரமாம். மத்தியப் பத்திரத்தைவிட ஒரு துளி வட்டி கூடக் கொடுப்பாராம், ஆனால் அவசரத்துக்கு விற்கப் போனால் வாங்க ஆள் கிடைக்காதாம். டெஸ்பாட்சில் இருந்த ஒரு பெரியவர் தங்கப் பத்திரம். அவர் மதிப்பு அவர் கையில் இல்லை, அன்றைய தங்க விலையின் கையில் இருக்கிறது என்பாள். ஷேர் மார்க்கெட்டில் காசு வந்த அன்று அவர் கம்பீரமாக நடப்பதைப் பார்த்தவர்களுக்கு அது சரியாகத்தான் பட்டது.

"நான்?" என்று கேட்டேன்.

"நீ சேவிங்ஸ் பாண்டு அக்கா. ஏழு வருஷத்துக்கு யாருக்கும் விக்க முடியாது, அடகு வெக்க முடியாது. வட்டி மட்டும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ மாறும், உன் மூடு மாதிரி."

"அப்ப நீ?"

"நானா? ட்ரெஷரி பில்லு. மூணு மாசம்."

விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்தேன். உண்மையாகவே அவள் தன் சேமிப்பையெல்லாம் அதில்தான் வைத்திருந்தாள். அதில் வட்டி என்று தனியாக ஒன்றும் வராது. போட்டிருக்கிற மதிப்பைவிடக் குறைத்து வாங்க வேண்டும், மூன்று மாதம் கழித்து முழுசாகப் பெற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எங்களுக்கெல்லாம் நாற்பது வருடம் வாங்கிப் போடுகிறவள் தனக்கு மூன்று மாதத்துக்கு மேல் எதையும் வாங்கமாட்டாள். ஒவ்வொரு தடவையும் பணம் கணக்குக்குத் திரும்பி வர வேண்டும், அவள் அதை ஒரு நாள் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு அவளாகவே போய் மறுபடி வாங்க வேண்டும். ஊருக்கு உபதேசம் என்று நான் கிண்டல் செய்தால், "ஹவ், ஊருக்குத்தான்" என்று சிரிப்பாள்.

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது தாண்டியவன், மீசை நரைத்துவிட்டது, உள்ளே மட்டும் ஏழெட்டு வயதுக்கு மேல் வளரவில்லை. என்னை இன்றும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவான். காலையில் கேட்டருகே நின்று ஆட்டோக்களுக்கெல்லாம் தெலுங்கில் வழி சொல்லுவான், அவர்களும் அவன் சொன்னபடி ஓரமாகப் போவதுபோல நடிப்பார்கள். பணத்தை எண்ணத் தெரியாது. கையெழுத்து ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு நாங்கள் இருவர்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அவன்தான் காரணம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது உண்மையில்லை, ஆனால் அவர்கள் அப்படி நினைத்துக்கொண்டது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

மாரெட்பள்ளி வீட்டை பில்டரிடம் கொடுத்தோம். ஒரு பிளாட்டும் கொஞ்சம் பணமும் வந்தன. அந்தப் பணம் அண்ணனுக்கு என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். நான் இருக்கிறவரை அவனுக்கு ஒரு குறையும் இல்லை. நான் போன பிறகு அவனுக்கு யார் சோறு போடுவார்கள்? இந்த ஒரு கேள்வி என்னைப் போட்டு அரித்தது. காய் வாங்கும்போது வரும், பல் தேய்க்கும்போது வரும். வங்கியில் சேவிங்ஸ் பாண்டு போடச் சொன்னார்கள். கையெழுத்துப் போடுமுன் அவளைக் கூப்பிட்டேன்.

வந்தாள். ஹாலில் அண்ணன், "மேடம், உக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். "அப்பறம்ணா" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்து பிரிட்ஜில் சாய்ந்து நின்றாள். டீயைக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு மேடையில் வைத்தாள். அவள் முழு டீ குடித்து நான் பார்த்ததில்லை.

"சேவிங்ஸ் பாண்டு நக்கோ. ஏழு வருஷம் கழிச்சு மொத்தமா திரும்பி வரும். அப்ப நீ இருந்தா சரி. இல்லேன்னா? அண்ணன் கையில வந்து விழும். யார் யார் வந்து நிப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். முகங்களே வரிசையாக வந்தன.

"தங்கப் பத்திரம்?"

"எட்டு வருஷம். அஞ்சு வருஷம் ஆச்சுன்னா வெளிய வரலாம். ஆனா வட்டி ரொம்பக் கம்மி, மீதியெல்லாம் தங்கத்தோட வெல. தங்கம் ஏறினா அண்ணனுக்கு என்ன? அவருக்கு வேண்டியது மதியம் சோறு."

"நீ போடற பில்லு?"

"மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஒருத்தர் உக்காந்து வாங்கணும். உனக்கப்பறம் யாரு உக்காருவா?" என்று கேட்டுவிட்டு, சமையலறையில் இருக்கிற நாலடி இடத்துக்குள் நடக்க ஆரம்பித்தாள். "சென்ட்ரல் கவர்மெண்டு, நாப்பது வருஷம். அதான் அண்ணனுக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வட்டி அதுவா வரும். யாரும் கேக்க வேணாம், யாரும் ஒண்ணும் செய்ய வேணாம். கூடாது, கொறையாது. அண்ணன் பேர்ல ஒரு ட்ரஸ்ட்டு வெச்சு அதுல வாங்கிடு."

"வெலவாசி ஏறாதா?"

"ஏறும். அதுக்குத்தான் வர்றதுல கொஞ்சத்த எடுத்து மறுபடி போடணும்னு ட்ரஸ்ட்டுல எழுதி வெச்சுடு. போட்டுட்டு மறந்துடு அக்கா. மறக்கறதுதான் கஷ்டம்."

போட்டேன். மறக்க முடியவில்லை. அடுத்த வருடம் வட்டி விகிதமெல்லாம் ஏற ஆரம்பித்தது. கொண்டாப்பூரிலிருந்து வந்த என் சித்தப்பா மகன், என் போனில் ஒரு ஆப்பை இறக்கி அண்ணனின் பத்திரத்தைத் தேடிக் காட்டினான். விலை சிவப்பு எழுத்தில் இறங்கியிருந்தது. "அக்கா, இவ்ளோ லாஸ்! யாரு இதப் போடச் சொன்னாங்க?" என்றான். அண்ணன் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்கி யாரிடமோ கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. மறுநாள் ஆபீசில் அவள் அறைக்குப் போய்க் கத்தினேன். நாலு பேர் பார்த்தார்கள், நான் கவலைப்படவில்லை.

"கைக்கு அந்த ஆப்பத் தொறந்தே?" என்றாள். என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்து காம்பவுண்டைச் சுற்றி நடத்தினாள். "புதுசா வர்ற பத்திரம் கூட வட்டி குடுக்குது. அதனால பழச வாங்க வர்றவன் வெலையக் கொறச்சுக் கேக்கறான். நீ விக்கப் போறியா?"

"இல்ல."

"அப்ப அது விக்கறவங்களோட வெல. அண்ணனுக்கு வர்ற வட்டி ஒரு பைசா கொறஞ்சுதா?"

குறையவில்லை. போன மாதம்கூட வந்திருந்தது.

"நம்ம பி.எஃப். ட்ரஸ்ட்டுக்கு நான் வாங்கின எல்லாமே இன்னிக்கு எறங்கித்தான் இருக்கு. நான் பாக்கறதே இல்ல. கடைசி வரைக்கும் வெச்சிருக்கப் போறவங்க நடுவுல எட்டிப் பாக்கக் கூடாது." என் போனை வாங்கி அந்த ஆப்பை அழித்தாள்.

இவ்வளவு உறுதியாகப் பேசுகிறவளைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. அண்ணனின் ட்ரஸ்ட்டுக்கு நான்தான் பொறுப்பாளர். எனக்குப் பிறகு யார் என்று வக்கீல் ஒரு பெயர் கேட்டுக்கொண்டே இருந்தார். என்னைவிடச் சின்னவள், நல்லது கெட்டது தெரிந்தவள், அண்ணனுக்குப் பிடித்தவள். வேறு யாரைத் தேடுவது? சாயங்காலம் வண்டி ஷெட்டில் பிடித்துக் கேட்டுவிட்டேன்.

"எனக்கப்பறம் அண்ணன நீ பாத்துப்பியா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. அப்படி ஒரு முகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தாள், அணைத்தாள், மறுபடி ஸ்டார்ட் செய்தாள்.

"நாப்பது வருஷம் போடுன்னு நீதான சொன்ன?" என்றேன்.

"அது கவர்மெண்டு அக்கா. அது ஓடாது. நான் ஓடிருவேன். எனக்கே தெரியும். என்மேல அண்ணனப் போடாத."

போய்விட்டாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஊரார் பணத்துக்கெல்லாம் காலம் குறித்துக் கொடுக்கிறாயே, ஒரு மனுஷனுக்கு நிற்கமாட்டாயா என்று மனசுக்குள் அவளைத் திட்டாத நாளில்லை. சித்தப்பா மகனிடம் சொன்னேன். "என் பேரப் போடு அக்கா. நான் இருக்கேன்ல" என்று அன்றைக்கே வந்து கையெழுத்துப் போட்டான். பிரியாணி சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். கொஞ்ச மாதத்தில் அவள் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே போனாள். விசாகப்பட்டினம் என்றார்கள், நாக்பூர் என்றார்கள், அப்புறம் கோயம்புத்தூர் என்றார்கள். நான் விசாரிக்கவில்லை. போகிற அன்று வீட்டு வாசலில் ஹாரன் அடித்தாள். அண்ணன்தான் ஓடிப் போய்க் கையாட்டிவிட்டு வந்தான்.

போன வருடம் எனக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். அண்ணனைப் பற்றித்தான் முதல் கவலை. "நீ தைரியமாப் போய் அட்மிட் ஆகு, நான் இருக்கேன்ல" என்றான் சித்தப்பா மகன். ஆபரேஷன் அன்று காலை அவன் ஆபீசில் ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸ் என்றான். சாயங்காலம் குழந்தைக்குக் காய்ச்சல் என்றான். ஊருக்கு வெளியே இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கிற ஒரு ஹோம் இருக்கிறது, பத்து நாள் அண்ணனை அங்கே விடலாம் என்று மறுநாள் போனில் சொன்னான். பக்கத்து பிளாட்காரம்மா எட்டிப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார், ஆனால் எத்தனை நேரம் எட்டிப் பார்ப்பார்? கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். எழ முடியவில்லை. நான் செத்த பிறகு நடக்கப்போவதை எனக்கு உயிரோடு காட்டுகிறார்கள் என்று தோன்றியது.

வீட்டுக்குப் போன் போட்டேன். அண்ணன்தான் எடுத்தான்.

"சாப்பிட்டியாண்ணா?"

"மேடம் பூரி போட்டா பாப்பா. நாலு தின்னேன்."

"எந்த மேடம்?"

"ஸ்கூட்டர் மேடம்."

நர்ஸ் ஓடி வந்து வலிக்கிறதா என்று கேட்கிற அளவுக்கு அழுதேன்.

நான் எழுந்து நடமாடுகிறவரை இருந்தாள். இருந்தாள் என்று சொல்வதும் அவளைப் பொறுத்தவரை முழு உண்மையில்லை. மின்விசிறிகளைத் துடைத்தாள், குழாய்க்கு வாஷர் மாற்றினாள், எங்கள் பரணில் இருந்ததையெல்லாம் இறக்கி மறுபடி ஏற்றினாள். ஒன்றும் மிச்சமில்லாதபோது அண்ணனைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறி அல்வால் வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வருவாள். அண்ணனுக்கு அது திருவிழா. படுத்த இடத்திலிருந்து நான் கேட்டேன், "ஒனக்கு யார் சொன்னாங்க?"

"அண்ணாதான், நான் எப்பவோ காட்டிக் குடுத்த பட்டன அமுக்கிப் போன் பண்ணாரு. 'பாப்பா ஆஸ்பத்திரி'ன்னாரு. வெச்சுட்டாரு."

"வான்னு கூப்பிட்டானா?"

"இல்லியே. அதான் வந்தேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றபோது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இவ்வளவு செய்தவள் அந்த ஒரு கையெழுத்தைப் போட்டால் என்ன? வக்கீலிடம் சொல்லிப் பெயரை மாற்ற ஒரு நாள் வேலை. "ஒண்ணு கேக்கட்டுமா" என்று ஆரம்பித்தேன்.

"கேக்காதக்கா" என்றாள். "கேட்டா ஓடிருவேன். கேக்கலேன்னா வருவனோ என்னவோ, எனக்கே தெரியல. ஆனா கேட்டா நிச்சயமா ஓடிருவேன்."

கேட்கவில்லை. அண்ணன் கன்னத்தைத் தட்டிவிட்டு லிப்ட்டுக்குக்கூட நிற்காமல் படியில் இறங்கிப் போனாள்.

ட்ரஸ்ட்டுக் காகிதத்தில் இன்றும் சித்தப்பா மகன் பெயர்தான் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வட்டி தவறாமல் வருகிறது, அவள் சொன்னபடியே. மனுஷருக்கும் அப்படி ஒன்று வாங்கிப் போட முடிந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். முடியாது என்று தெரிந்தும் மனசு விடமாட்டேன் என்கிறது.

அடுத்த வாரம் எனக்கு மறுபடி ஆபரேஷன். போன தடவையைவிடப் பெரியது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சித்தப்பா மகன், "நான் இருக்கேன்ல அக்கா" என்று சொல்லிவிட்டான். அவளுக்கு நான் சொல்லவில்லை. பல தடவை போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். நேற்றுச் சாயங்காலம் உள்ளறையில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். போன தடவை அவள் படுத்திருந்த கட்டிலில் குவிந்து கிடந்த துணியையெல்லாம் அண்ணன் வாரி என் கட்டிலில் போட்டுவிட்டு, காலியான கட்டிலில் புது விரிப்பை விரித்துக்கொண்டிருந்தான். யாருக்கு என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.